டியூப் ஆம்பை உசுப்ப எந்த ஓவர்டிரைவ் பெடல்?

டியூப் ஆம்ப் (வால்வுக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கிட்டார் ஆம்ப்) வைத்திருப்பவர்கள், சத்தத்துக்குக் கரகரப்பு சேர்க்கும் ஓவர்டிரைவ் பெடலை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆம்பைச் சுத்தமான சத்தத்தில் வைத்துக்கொண்டு, கரகரப்பு முழுவதையும் பெடலிலிருந்தே எடுப்பது ஒரு வழி. ஆம்ப் தானாகவே கரகரக்கத் தொடங்கும் விளிம்பில் நிற்கும்போது, பெடலைக் கொண்டு அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுவது இன்னொரு வழி. இந்தக் கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது.

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் ட்ரைவ் குமிழை (கரகரப்பின் அளவை மாற்றுவது) முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். ஆம்பை உசுப்பும் வேலைக்கு அந்தக் குமிழ் கடைசியாகப் பார்க்க வேண்டியது. லெவல் குமிழில் (பெடலிலிருந்து வெளியே போகும் அளவு) எவ்வளவு பலம் இருக்கிறது, பேஸை அந்தப் பெடல் என்ன செய்கிறது, மிட்டை (நடுத்தொனியை) எங்கே தூக்குகிறது, இந்த மூன்றையும்தான் முதலில் கேட்க வேண்டும். கரகரப்பைத் தர ஆம்பே இருக்கிறது. அதற்காகத்தானே டியூப் ஆம்ப் வாங்கினோம்!

முதலில்: ஆம்புக்குள் என்ன நடக்கிறது

கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் முதலில் போய்ச் சேரும் இடம் ப்ரீஆம்ப் டியூப். பெரும்பாலான ஆம்புகளில் அது 12ஏஎக்ஸ்7. வழக்கமான வடிவமைப்பில் அந்த டியூப் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் பயாஸில் நிற்கும், அதாவது சிக்னல் அந்த அளவை நெருங்கும்வரை அலை வெட்டுப்படாது. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பை மெதுவாக மீட்டினால் வருவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம். அதனால் முதல் டியூப் நிம்மதியாக இருக்கும். பலமான சிக்னல் தரும் ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்பை) ஓங்கி அடித்தால் உச்சம் ஒரு வோல்ட்டை நெருங்கும், சிலவற்றில் தாண்டவும் செய்யும். நடுவில் ஒரு பெடல் வந்து சிக்னலைப் பெருக்கினால், அலையின் தலை டியூபின் எல்லையில் மோதித் தட்டையாகிறது. ஒரு பக்கம் முதலில், மறுபக்கம் அப்புறம். அந்த ஒழுங்கின்மைதான் டியூப் கரகரப்பைக் காதுக்கு இதமாக்குகிறது.

அடுத்த டியூபுக்குப் போகும்போது சிக்னல் இன்னும் பெரிதாகியிருக்கும், அங்கேயும் வெட்டுப்படும். கடைசியில் பவர் டியூபுகள் வரும்: ஃபெண்டரில் பெரும்பாலும் 6வி6 அல்லது 6எல்6, வாக்ஸில் இஎல்84, மார்ஷலில் பெரும்பாலும் இஎல்34. இவையும் நிரம்பிவிட்டால் ஆம்ப் அதற்கு மேல் சத்தமாகாது. பூஸ்ட் கொடுத்தால் கரகரப்பும் சஸ்டெயினும் (நோட்டு நீடித்து ஒலிப்பது) கூடும், ஒலி அளவு கூடாது. "பெடலை மிதித்தேன், சோலோ மேலே எழவே இல்லை" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். அதற்கான தீர்வைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது: உங்கள் ஆம்பின் விளிம்பைக் கண்டுபிடியுங்கள்

பெடல் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. அரை மணி நேரம் போதும்.

கிட்டாரில் வால்யூம், டோன் இரண்டையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். ஆம்பில் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் நடுவில் இருக்கட்டும், ரிவெர்பை அணைத்துவிடுங்கள். வால்யூமை 2-இல் வைத்து, திறந்த நிலையில் ஈ மேஜர் கார்டை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை ஓங்கியும் அடியுங்கள். அரை எண், அரை எண்ணாக ஏற்றிக்கொண்டே போங்கள். மெதுவாக அடித்தால் சுத்தம், ஓங்கி அடித்தால் ஓரத்தில் கரகரப்பு என்று ஓர் இடம் வரும். கிட்டார்காரர்கள் பிரேக்கப் என்று சொல்வது அந்த இடத்தைத்தான். பேனலில் ஒரு துண்டு மாஸ்க்கிங் டேப் ஒட்டி அங்கே கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிக்கப்பை மாற்றினால் கோடு நகரும். ஹம்பக்கரில் சீக்கிரம் வரும், சிங்கிள் காயிலில் தாமதமாகும்.

அந்தக் கோடு இருக்கும் இடத்தில் உங்கள் அறையில் வாசிக்க முடியுமா? 15 வாட் ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரோ 22 வாட் டீலக்ஸ் ரிவெர்போ என்றால் வீட்டில் கொஞ்சம் கஷ்டம், பயிற்சி அறையில் சரியாக இருக்கும். 85 வாட் ட்வின் ரிவெர்ப் என்றால் விளிம்புக்குப் போகும் முன்பே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அந்த ஆம்புக்குப் பெடலே கரகரப்பைத் தர வேண்டியிருக்கும், தேர்வு வேறு திசையில் போகும். வாட் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 15 வாட்டும் 30 வாட்டும் வேறுபடுவது வெறும் 3 டெசிபெல்தான். 15 வாட் டியூப் ஆம்ப் ஒரு வீட்டுக்குத் தாராளமாகப் போதும், சொல்லப்போனால் அதிகம்.

மாஸ்டர் வால்யூம் உள்ள ஆம்ப் என்றால் வேலை எளிது: ப்ரீஆம்ப் கெயினை (பெருக்கத்தை) விளிம்புக்கு ஏற்றி, மாஸ்டரைக் குறைத்துக்கொள்ளலாம். மாஸ்டர் இல்லாதவர்கள் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அட்டென்யூவேட்டர் (ஸ்பீக்கருக்குப் போகும் பலத்தைக் குறைக்கும் பெட்டி) போடலாம். ஓம் கணக்கு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு டியூப் ஆம்பை ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அது ஆம்பின் விலையுயர்ந்த பாகங்களில் ஒன்று.

மூன்றாவது: என்ன குறை என்று கேளுங்கள்

விளிம்பில் வைத்து வாசிக்கும்போது என்ன இல்லை என்று தோன்றுகிறது? ஒல்லியாகக் கேட்கிறதா? சோலோ நோட்டு சீக்கிரம் செத்துப்போகிறதா? கெயினை ஏற்றினால் கீழ்க்கம்பி குழைந்து சேறாகிறதா? கிட்டாரும் ஆம்பும் ஏற்கெனவே பிடித்துப்போய், அதே சத்தம் இன்னும் கொஞ்சம் வேண்டும், அவ்வளவுதானா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் சந்தையில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருந்தாலும், இந்த வேலைக்கு உதவும் சர்க்யூட் குடும்பங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

நான்காவது: குடும்பங்கள்

ட்யூப் ஸ்க்ரீமரிலிருந்து தொடங்க வேண்டும். ஐபனெஸ் டிஎஸ்808 என்று 1979-இல் வந்தது, 1982-இல் டிஎஸ்9 வந்தது. வடிவமைத்தவர் ஜப்பானில் மாக்ஸான் பெடல்களைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் சுசுமு தமுரா. பெயரில் டியூப் இருந்தாலும் உள்ளே டியூப் கிடையாது. சிக்னலைப் பெருக்கும் ஒரு ஆப்-ஆம்ப் சிப்பும், அலையை வெட்டும் சில டயோடுகளும்தான்.

இந்த சர்க்யூட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் புரியும். பெருக்கும் பகுதியில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இருக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸ் என்ற எல்லையைப் போடுகின்றன. அதற்கு மேலே உள்ளது முழுதாகப் பெருக்கப்படும், கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். கிட்டாரின் கீழ் ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அதன் அடித்தொனி பெரிதாகப் பெருக்கப்படாமல் கடந்துபோகிறது. அதனால்தான் பேஸ் குழையாமல் இறுக்கமாக நிற்கிறது. அடுத்து வரும் டோன் பகுதி உச்சஸ்தாயியைக் குறைக்கிறது. இரண்டு பக்கமும் குறைந்தபின் நடுவில் ஒரு மேடு மிஞ்சுகிறது. எல்லோரும் பேசும் மிட் ஹம்ப் அதுதான்.

இன்னொன்று: ட்ரைவை முழுக்கக் குறைத்தாலும் இந்தப் பெடல் சுத்தமான பூஸ்ட் ஆகிவிடாது. குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போதே பெருக்கம் சுமார் 12 மடங்கு. டயோடுகள் அப்போதும் அலையின் தலையைக் கொஞ்சம் வெட்டும். ஆனால் அசல் சிக்னலும் அதன்மேல் சேர்ந்தே வெளியே வருவதால், பிக் கம்பியில் பட்ட அந்த முதல் தெறிப்பு தொலைவதில்லை.

இது யாருக்குப் பொருந்தும்? பிளாக்ஃபேஸ் (கருப்பு முகப்புப் பலகை) வகை ஃபெண்டர் ஆம்புகளின் டோன் சர்க்யூட்டில் மிட் இயல்பாகவே பள்ளமாக இருக்கும். ட்யூப் ஸ்க்ரீமரின் மேடு அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஸ்டீவி ரே வான் ஸ்ட்ராடோகாஸ்டர், ட்யூப் ஸ்க்ரீமர், ஃபெண்டர் ஆம்ப் என்று வாசித்ததில் கேட்கும் தடிமனுக்கு இந்தச் சேர்க்கையும் ஒரு காரணம், அவருடைய விரல்களுக்கு அடுத்தபடியாக. மறுகோடியில் மெட்டல் வாசிப்பவர்களும் இதே பெடலைத்தான் தேடுகிறார்கள், ஆனால் காரணம் வேறு. மார்ஷல் ஜேசிஎம்800, பீவி 5150, மெசா ரெக்டிஃபயர் போன்ற ஆம்புகளில் கெயினுக்குப் பஞ்சமே இல்லை. பேஸ்தான் பிரச்சினை. ட்ரைவ் பூஜ்யம், லெவல் உச்சம் என்று வைத்து முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமரைப் போட்டால், உள்ளங்கையால் அழுத்தி வாசிக்கும் ரிஃப் சட்டென்று கெட்டிப்படும்.

808-க்கும் 9-க்கும் சர்க்யூட்டில் உள்ள முக்கிய வேறுபாடு அவுட்புட்டில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்களின் அளவு. அதற்காகப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஜப்பான் சிப் உள்ள பழைய பெடல்தான் வேண்டும் என்று அலைபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சத்தத்தை முடிவு செய்வது நான் மேலே சொன்ன 720 ஹெர்ட்ஸும் டயோடுகளும்தான், சிப்பின் பங்கு மிகக் குறைவு. ஐபனெஸே விற்கும் சின்ன டிஎஸ் மினி இந்த வேலையை நன்றாகவே செய்யும்.

பாஸ் எஸ்டி-1 இதன் நெருங்கிய உறவு. 1981-இலிருந்து இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறுபக்கம் ஒன்று என்பதால் அலை ஒழுங்கற்று வெட்டுப்படுகிறது. சத்தம் ஒரு நூல் அதிகம் திறந்து கேட்கும். மார்ஷல் வகை ஆம்ப் வைத்திருக்கும் புதியவர் ஒருவர் என்னிடம் கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். விலையும் குறைவு, கீழே போட்டாலும் உடையாது.

க்ளான் குடும்பம் வேறு மாதிரி. பில் ஃபினிகன் 1994-இல் விற்கத் தொடங்கிய க்ளான் சென்டார், 9 வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்கிறது. அதனால் வெளியே தள்ளும் பலம் அதிகம், சிக்னல் நசுங்குவதில்லை. கெயினைக் குறைத்து அவுட்புட்டை ஏற்றினால் மிட் கொஞ்சம் முன்னால் வந்து, ஆம்பின் குணம் மாறாமல் பெரிதாகும். "என் ஆம்ப் பிடிக்கும், இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்பவர்களுக்கு இது பொருத்தம். அசல் சென்டாரின் விலை இப்போது ஆயிரக்கணக்கான டாலர், அந்தப் பக்கமே போகாதீர்கள். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் சோல் ஃபுட், வாம்ப்லர் டம்னஸ் போன்றவை அதே வழியில் செய்யப்பட்டவை.

1990-களின் தொடக்கத்தில் மார்ஷல் வெளியிட்ட ப்ளூஸ்பிரேக்கர் பெடலின் வழியில் வந்தவை மென்மையானவை. மிட் மேடு பெரிதாக இருக்காது, கிட்டாரின் குணம் அப்படியே வரும். ஜேஹெச்எஸ் மார்னிங் க்ளோரி இந்த வகை. இவற்றில் ஒன்றை வாங்கும்போது லெவல் போதுமான அளவு ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அசல் பெடலில் அது கொஞ்சம் குறைவு.

கரகரப்பே சேர்க்காத சுத்த பூஸ்டும் உண்டு. எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் 26 டெசிபெல் வரை, அதாவது சுமார் 20 மடங்கு பெருக்கும். ஒரே ஒரு குமிழ். சிங்கிள் காயிலும் ஃபெண்டரும் என்றால் அழகாக இருக்கும். ஹம்பக்கரும் கெயின் ஏற்றிய மார்ஷலும் என்றால் பேஸும் சேர்ந்து பெருகி, ஆம்ப் மூச்சுத் திணறும். அங்கே ட்யூப் ஸ்க்ரீமர் வகைதான் சரி.

கடைசியாக ட்ரெபிள் பூஸ்டர். 1960-களின் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் இதற்கு முன்னோடி, உள்ளே ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். வாக்ஸ் ஏசி30-ஐ முழுக்கத் திறந்துவிட்டு முன்னால் ட்ரெபிள் பூஸ்டர் போட்டு வாசிப்பது பிரையன் மேயின் வழி. இது கிட்டாருக்கு நேர் அடுத்து இருக்க வேண்டும், நடுவில் பஃபர் (சிக்னலைப் பலப்படுத்தி அனுப்பும் சர்க்யூட்) உள்ள பெடல் வந்தால் சத்தம் கூசும். முதல் பெடலாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சத்தமாக வாசிக்க இடம் கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது: கடையில் கேட்டுப் பார்ப்பது

உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஆம்ப் அங்கே இல்லை என்றால் அதே வகை டியூப் ஆம்ப் ஒன்றைக் கேளுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்பில் கேட்டு இந்த முடிவை எடுக்க முடியாது. அங்கே தள்ளுவதற்கு டியூப் இல்லை. முதலில் அந்த ஆம்பையும் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டு பெடல்களை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்கிக்கொள்வது முக்கியம். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருக்கும் பெடல் எப்போதும் நல்லதாகவே தோன்றும், காதின் இயல்பு அப்படி. அணைத்த நிலையும் மிதித்த நிலையும் ஒரே சத்தமாக இருக்குமாறு லெவலை வைத்துக் குணத்தைக் கேளுங்கள். அது பிடித்திருந்தால் மட்டும் லெவலை ஏற்றி ஆம்ப் எப்படிப் பதில் சொல்கிறது என்று பாருங்கள்.

என்ன வாசிப்பது? கீழ் ஈ கம்பியை உள்ளங்கையால் அழுத்தி நாலு அடி: இறுக்கமா, குழைவா? அப்புறம் ஒரு முழு கார்டு: ஆறு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா, ஒரே கூழாகிறதா? இரண்டாவது கம்பியில் 12-ஆவது ஃப்ரெட்டில் ஒரு நோட்டைப் பிடித்து வைப்ரேட்டோ கொடுத்துக்கொண்டே எண்ணுங்கள், எவ்வளவு நேரம் நிற்கிறது? கடைசியாகப் பெடலை மிதித்த நிலையிலேயே கிட்டார் வால்யூமை 5-க்குக் குறையுங்கள். சத்தம் சுத்தமாகி, உயிரோடும் இருந்தால் அது நல்ல ஜோடி. போர்த்தி மூடியதுபோல் மங்கினால் வேறொன்றைக் கேளுங்கள். இந்தக் கடைசிச் சோதனைக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். டியூப் ஆம்பில் வாசிப்பதன் சுகமே கையாலும் கிட்டார் வால்யூமாலும் கரகரப்பை ஆள்வதில்தான் இருக்கிறது.

ஆறாவது: வீட்டுக்கு வந்தபின் வைக்கும் அளவுகள்

கடிகார முள் கணக்கில் சொல்கிறேன். ஃபெண்டர் வகை ஆம்ப், சிங்கிள் காயில், ட்யூப் ஸ்க்ரீமர்: ட்ரைவ் 9 மணி, டோன் 12 மணி, லெவல் 2 அல்லது 3 மணி. மார்ஷல் வகை, ஹம்பக்கர், எஸ்டி-1: ட்ரைவ் பூஜ்யம், டோன் 12 மணி, லெவல் முழுதும். ஆம்பின் கெயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரைச்சல் தாங்காது. வாக்ஸ் வகை ஆம்பில் உச்சம் ஏற்கெனவே பளீரென்று இருக்கும். க்ளான் வகையை வைத்து ட்ரெபிளை 11 மணிக்குக் குறையுங்கள். இவை தொடக்கம்தான், உங்கள் ஸ்பீக்கரும் அறையும் மீதியைச் சொல்லும்.

பெடல் இருக்க வேண்டிய இடம் ஆம்பின் முன்பக்க இன்புட். கிட்டார், வா-வா பெடல், ஓவர்டிரைவ், ஆம்ப் என்று வரிசை. எஃபெக்ட்ஸ் லூப்பில் (ப்ரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் பெடல் மாட்டும் இடம்) போட்டால் ப்ரீஆம்ப் டியூபுகளுக்குப் பின்னால் போய்விடும், அவற்றைத் தள்ள முடியாது. டிலேயும் ரிவெர்பும் லூப்பில் இருக்கட்டும். சோலோவுக்குச் சத்தம் மட்டும் கூட வேண்டும் என்றால், முன்னால் சொன்ன பிரச்சினைக்கான தீர்வு இங்கேதான்: ஒரு சுத்த பூஸ்டை லூப்பில் போடுங்கள். ப்ரீஆம்பில் செய்த கரகரப்பு அப்படியே இருக்க, அதன் அளவு மட்டும் ஏறும். பவர் டியூபுகளில் இடம் மிச்சமிருக்க வேண்டும், மாஸ்டரை உச்சியில் வைத்தால் இதுவும் பலிக்காது.

மின்சாரம் பற்றி

மேலே சொன்ன பெடல்களில் பெரும்பாலானவை நேரடி 9 வோல்ட், நடுமுனை நெகடிவ். அடாப்டரில் அந்தச் சின்னத்தைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். பழைய ரேஞ்ச்மாஸ்டர் பாணி பெடல்கள் சில நடுமுனை பாசிட்டிவ் கேட்கும், அவற்றை மற்றவற்றோடு ஒரே அடாப்டரில் சங்கிலியாக மாட்டக் கூடாது. பெடலின் பின்னால் 18 வோல்ட் தாங்கும் என்று எழுதியிருந்தால் ஒழிய 9-ஐத் தாண்ட வேண்டாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த அடாப்டரோ ஆம்போ என்றால், 120 வோல்ட் மட்டும்தானா என்று பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் சுவரில் வருவது 230.

பழைய பெடல் வாங்குவதில் தயக்கம் வேண்டாம், எஸ்டி-1 போன்றவை பல்லாண்டு உழைக்கும். எல்லாக் குமிழ்களையும் திருப்பிப் பாருங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஜாக்கில் கேபிளைச் செருகி மெல்ல அசைத்துப் பாருங்கள், சிக்னல் விட்டுவிட்டு வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பேட்டரி மூடியைத் திறந்து பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓட்டுவதாக இருந்தால், வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கிலிருந்து கேபிளை உருவிவிடுங்கள். இந்தப் பெடல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஜாக்தான் ஸ்விட்ச். கேபிள் உள்ளே இருக்கும்வரை, மிதிக்காவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.